அசையாமல் இருக்க ஓர் உடுப்பு

அந்த ஜனவரிச் சனிக்கிழமை காலை, மச்சாள் எங்கள் பால்கனியில் கதிரை போட்டு அமர்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாங்கள் வந்து குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. கைப்பிடிக் கம்பிகளில் பனி கட்டியாக உறைந்திருந்தது. கீழே தெருவில் ஒருவர் தன் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மச்சாளோ கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்போல இரண்டு கைகளையும் மடியில் வைத்து, தலையைக்கூடத் திருப்பாமல், எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தபடி இருந்தார். மூச்சு மூக்கிலிருந்து புகைபோல வந்துகொண்டிருந்ததால்தான் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. கீழ்வீட்டு ஹெயிட்டிப் பெண்மணி பயந்துபோய்ப் பாதிப் படி ஏறிவந்து, "மதாம், சா வா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டார். மச்சாள் உடம்பை அசைக்காமல் உதட்டை மட்டும் திறந்து, "சா வா, சா வா, மெர்சி" என்றார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கும்படி தமிழில் கத்தினார். "முதுகு சுகமாயிருக்கு! கதிரைக்குக் கீழாலதான் குளிர் ஏறுது! இருக்கிற இடத்துக்கு ஏதாவது தடிப்பா வேணும்!"

அவர் என் கணவரின் அக்கா. மன்னாரில் பிறந்தவர். கல்யாணம் செய்யவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்காளர் வேலை. பேச்சென்றால் அவருக்குச் சாப்பாடு மாதிரி. மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார், கோயிலில் பாதரிடம் பூசை முடிந்ததும் பிரசங்கத்தின் குறை நிறைகளைச் சொல்வார், தனியாக இருந்தால் சட்டியோடு பேசுவார். அப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு மான் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்றபோது, அதுவும் மரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்காகச் சத்தம் போடாமல் இருந்து ஆடும் வேட்டைக்கு என்றபோது, முதலில் சிரித்தது நான்தான்.

அலுவலகச் சிநேகிதி ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மான் இறைச்சியில் தொடங்கிய கதை அது. அந்தச் சிநேகிதியின் தகப்பனாருக்குத் தெற்கே நாட்டின் எல்லைப் பக்கமாக ஒரு காட்டுத் துண்டும் அதன் ஓரத்தில் ஒரு வீடும் சொந்தமாக இருந்தன. எழுபதைத் தொட்ட மனிதர், மான் வேட்டைக் காலமான நவம்பர் வந்தால் வீட்டில் இருக்க மாட்டார். மகளுக்கு வேட்டையில் ஆசை இல்லை. மச்சாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே விருந்துக்குப் போனார், பெரியவரோடு காட்டைச் சுற்றிப் பார்த்தார், திரும்பி வரும்போதே முடிவெடுத்துவிட்டார். பிரெஞ்சில் வேட்டை வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் பரீட்சை எழுதி, அனுமதியும் எடுத்தார்.

வீட்டில் பெரிய சண்டை வந்தது துவக்கைப் பற்றித்தான். என் கணவர் சாதாரணமாக அக்காவை எதிர்த்துப் பேச மாட்டார். அன்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். நீங்கள் காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ அக்கா?"

மச்சாள் அவர் தள்ளிய கோப்பையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அங்க துவக்கு எப்பவும் வேற ஆரின்ரயோ கையில இருந்தது. சுடுறதோ விடுறதோ அவையள்தான் முடிவெடுத்தவை. ஒருக்கா அது என்ர கையில இருக்கட்டும். நான் என்ன செய்யிறன் எண்டு பாப்பம்."

என் கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சம்மதிக்கவில்லை.

முதல் நவம்பரில் அவர் போய்வந்த கோலம் இப்போதும் மறக்கவில்லை. கடையில் பளபளவென்று தொங்கிய தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே பருத்திச் சட்டைகள், கீழே ஜீன்ஸ், இறுக்கமான சப்பாத்துக்குள் காலுறைக்கு மேல் காலுறை. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஏறி நடந்ததில் நன்றாக வியர்த்துவிட்டது. பரணில் ஏறி அமர்ந்ததும் அந்த வியர்வையே குளிர்ந்து முதுகில் பனிக்கட்டிபோல ஒட்டிக்கொண்டது. காலுறைகள் அதிகமானதில் சப்பாத்து இறுகி, இரத்தம் ஓடாமல் விரல்கள் மரத்துப்போயின. நடுங்கிய நடுக்கத்தில் பரணே கிறீச்சிட்டதாம். சும்மா கையை அசைத்தாலும் ஜாக்கெட் மொறுமொறுவென்று சத்தம் போட்டதாம். பெரியவர்தான் வந்து இறக்கிக் கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்தபோது கால்விரல்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்தபோது, உணர்ச்சி திரும்பிய வலியில் அந்த மனிதி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"இனிக் காணும் அக்கா, இந்த வேட்டையை விடுங்கோ" என்றார் என் கணவர்.

"பிழையா உடுத்திட்டன். அவ்வளவுதான்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் பால்கனிச் சோதனைகள். நடப்பவனுக்கான உடுப்பு வேறு, அசையாமல் இருப்பவனுக்கான உடுப்பு வேறு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நடக்கிற உடம்பு தானே சூட்டை உண்டாக்கும். அமர்ந்திருக்கிற உடம்புக்கு இருக்கிற சூட்டைக் காப்பாற்றுவதுதான் வேலை. அந்தக் குளிர்காலம் முழுவதும், விடுமுறை நாள்களில், ஒவ்வொரு உடுப்பாகப் போட்டுக்கொண்டு பால்கனியில் போய் இருந்தார். பருத்தி முழுவதும் அலுமாரிக்குத் திரும்பியது. தோலோடு ஒட்டியிருக்க மெல்லிய கம்பளி உள்ளாடை வந்தது. நனைந்தாலும் சூடு விடாது என்று, அதை வேண்டுமென்றே ஈரமாக்கிப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்கு மேல் தடித்த கம்பளிச் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் மேல், பழைய உடுப்புக் கடையில் கண்டெடுத்த ஆண்களின் கம்பளிக் கோட்டு. போர்வை மாதிரிப் பாரம், தோளில் பூச்சி அரித்த ஓட்டைகள். அதை வாங்கிவந்த அன்று என் கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது மச்சாள் அதைப் போட்டபடி பின்னால் போய் நின்று, அவர் காதுக்குப் பக்கத்தில் கோட்டின் ஒரு கையை மற்றக் கையோடு உரசினார்.

"கேக்குதோ?"

"என்ன கேக்குதோ?"

"அதுதான்! ஒண்டும் கேக்கேல்ல. மானுக்கும் கேக்காது."

சப்பாத்து ஓர் அளவு பெரிதாக வாங்கினார், ஒரேயொரு தடித்த காலுறை, விரல்களை உள்ளே ஆட்டிப் பார்க்க இடம் இருக்கவேண்டும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையை விட்டுவிட்டு, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிற பெரிய கம்பளி உறைக்கு மாறினார். கீழால் ஏறும் குளிருக்குத் தடித்த நுரைத் தட்டு ஒன்றை அளவாக வெட்டி எடுத்தார். அடுத்த நவம்பரில், கோட்டையும் சுவெற்றரையும் முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு, மெல்லிய உடுப்போடு மெதுவாக நடந்துபோய், மரத்தடியில் மூச்சு ஆறியபிறகு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினாராம். காலை முழுவதும் இருந்தார். ஒரு மானும் வரவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பிய முகத்தைப் பார்த்தவர்கள் ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கடுத்த வருடம் என்னையும் கூப்பிட்டார். "ஒருக்கா வந்து சும்மா பக்கத்தில இரும். நான் என்ன விசர் வேலை பாக்கிறன் எண்டு தெரியட்டும்." பெரியவர் அவருக்காக இரண்டு பேர் இருக்கக்கூடிய பரண் ஒன்றை ஏணியோடு நிறுத்தியிருந்தார். என்னை முதல் நாளே மச்சாள் தன் கையால் உடுத்தி, பால்கனியில் இருத்திப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போனார். காட்டின் வாசலில் பெரியவர் எங்களுக்கு, மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படும்படி, செம்மஞ்சள் மேலங்கியும், கழுத்தில் மாட்ட ஆளுக்கொரு விசிலும் தந்தார். தன் விசிலைக் காட்டி, "கஷ்டம் என்றால் ஊதுங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, ஓடைக்கு அப்பால் இருந்த தன் பரணை நோக்கிப் போனார்.

மச்சாளை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. மரத்தின் ஒரு கிளைபோல ஆகிவிட்டார். பனி தூறியது, அவர் தோளில் படிந்தது, அவர் தட்டவில்லை. ஒரு சிறு குருவி அவர் சப்பாத்தின் நுனியில் வந்து நின்றுவிட்டுப் போனது. வெளிச்சம் நன்றாக ஏறிய பிறகு, முன்னால் இருந்த செடிகளுக்குள்ளிருந்து ஒரு மான் வெளியே வந்தது. கொம்பு உள்ள கிடா. மச்சாளின் கை துவக்கை உயர்த்தியதை நான் பார்க்கவில்லை, உயர்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். மூன்று வருடமாக அவர் காத்திருந்த கணம். என் நெஞ்சு அடித்த அடி மானுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன்.

அப்போது தூரத்தில், கீச்சென்று, ஏதோ பறவை மாதிரி ஒரு சத்தம். மான் தலையைத் தூக்கியது. மீண்டும் அதே சத்தம், இந்த முறை இன்னும் மெலிதாக.

மச்சாள் துவக்கை இறக்கினார். "மிஸ்யூ" என்றார், பெரியவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மான் நின்றுகொண்டிருக்கும்போதே குண்டுகளைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கத் தொடங்கிவிட்டார்.

பெரியவர் தன் ஏணியின் அடியில் பனிக்குள் கிடந்தார். ஏறும்போதே உறைபனி படிந்த படியில் வழுக்கியிருக்கிறது. ஒரு கால் பார்க்க முடியாத மாதிரித் திரும்பியிருந்தது. அவர் நெடுநேரமாக ஊதியிருக்கிறார், காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. பாரமான உடுப்பு இன்னும் பையில்தான் இருந்தது, பை எட்டாத தூரத்தில் ஓடைக்குள் விழுந்து நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். கைபேசியை எடுத்துப் பார்த்தேன், தொடர்பு இல்லை.

"நீர் வீட்டுக்கு ஓடும். இவரின்ர மகளிட்டச் சொல்லும். நான் இவரோட நிக்கிறன். கெதியா!"

ஓடினேன். விழுந்து எழும்பி ஓடினேன். வீட்டிலிருந்த சிநேகிதி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வருவதற்கும், வந்தவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவதற்கும் யுகம் எடுத்ததுபோல இருந்தது. திரும்பி ஓடைக்குக் கிட்ட வந்தபோது முதலில் கேட்டது மச்சாளின் குரல். நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். தெரிந்த பிரெஞ்சு எல்லாம் தீர்ந்துபோய்த் தமிழுக்கு வந்திருந்தார். "கண்ணை மூடாதேங்கோ மிஸ்யூ, கேளுங்கோ. நண்டுக்கு மிளகாய்த்தூளைக் கண்டபாட்டுக்குப் போடக்கூடாது. முருங்கையிலை கடைசியாத்தான்..." பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார், ஒவ்வொரு சொல்லும் விளங்கியவர்போல.

மச்சாள் தன் நுரைத் தட்டையும் சுவெற்றரையும் பெரியவர் உடம்புக்குக் கீழே, ஆட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் செருகியிருந்தார். மேலே அந்தப் பூச்சி அரித்த கோட்டு. தொப்பி அவர் தலையில், உறைகள் அவர் கைகளில். மச்சாள் செம்மஞ்சள் மேலங்கியும் மெல்லிய கம்பளி உள்ளாடையுமாகப் பனியில் முழங்காலில் இருந்தார், உதடு நீலம் பாரித்து. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "கீழே விரித்தது யார்?" என்று கேட்டார். மச்சாளுக்குப் பல்லடித்ததில் பதில் சொல்ல முடியவில்லை. நான் கையால் காட்டினேன். அவர் தன் போர்வையை எடுத்து மச்சாளின் தோளில் போர்த்திவிட்டார். எலும்பைப் பொருத்தலாம், இன்னும் கொஞ்ச நேரம் வெறும் தரையில் கிடந்திருந்தால் பொருத்துவதற்கு ஆள் இருந்திருக்காது என்று பிறகு வைத்தியசாலையில் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியில், காரின் சூட்டை முழுதாக வைத்தபடி, "உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ மச்சாள்? எல்லாத்தையும் கழட்டிக் குடுத்திட்டியள்" என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போட்டது எனக்கு எவ்வளவு நேரத்துக்குக் காணும் எண்டு தெரியும். அதுக்கு மேல நீர் வந்திடுவீர் எண்டும் தெரியும்" என்றார். பிறகு நெடுநேரம் வெளியே பார்த்துவிட்டு, "நல்ல கிடா, என்ன?" என்றார்.

என் கணவர் நடந்ததையெல்லாம் கேட்டார். வைத்தியசாலையிலிருந்து ஈரமாக வந்த கோட்டை வாங்கி, பிழிந்து, குளியலறையில் தொங்கப்போட்டார். அடுத்த நாள் தோள் ஓட்டைகளை அவரே ஊசியெடுத்துத் தைத்தார், மிக மோசமாக. அடுத்த நவம்பரில் அக்காவைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அந்த வருடம் மச்சாளுக்கு முதல் மான் கிடைத்தது. கறியைச் சாப்பிட்ட பெரியவர் முகம் சிவக்கச் சிவக்க இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அப்போது சிறு பிள்ளையாக இருந்த எங்கள் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மச்சாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், பேச்சிலிருந்து பெறவில்லை. பெரியவர் தடி ஊன்றித்தான் நடக்கிறார், மரம் ஏற முடியாது. ஆகவே மச்சாளும் பரணைக் கைவிட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், தரையிலேயே பலகையால் ஒரு மறைப்புக் கட்டி, உள்ளே இரண்டு கதிரைகள் போட்டிருக்கிறார்கள். நவம்பர் காலைகளில் மச்சாள் முதலில் பெரியவரை இருத்தி, கழுத்துத் துணியிலிருந்து காலுறை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்து, சப்பாத்துக்குள் விரலை ஆட்டச் சொல்லிக் கேட்டபிறகுதான் தன் உடுப்பைப் போடுவார். பெரியவர் பிள்ளைபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

போன நவம்பரில் நானும் போயிருந்தேன். சமையலறை ஜன்னலருகே நின்று பார்த்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. மறைப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு செம்மஞ்சள் முதுகுகள். ஒன்று அசையவில்லை, மற்றதும் அசையவில்லை. சிநேகிதி சூடாகத் தேநீர் ஊற்றி, பிளாஸ்கை என்னிடம் நீட்டி, "அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாயா? விறைத்துப் போயிருப்பார்கள்" என்றாள்.

"இல்லை, அவர்களுக்குக் குளிராது" என்றேன். பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு, நானும் சத்தம் போடாமல் ஜன்னலருகே நின்றுகொண்டேன்.