யூபிஎஸ்ஸுக்குத் தைத்த உறை

அந்த வீட்டில் உறை போடாத பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். மிக்சிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர்க் கேனுக்கு உறை. ஏணியின் கால்களுக்குக்கூட ரெக்சினில் செருப்பு. அண்ணனுக்குத் தொழில் சோபா தைப்பது. மிஞ்சுகிற துணியைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. “உட்கார்ந்த இடத்துல அசந்து தூங்கிட்டா நமக்கும் ஒண்ணு தைச்சு மாட்டிடுவாரு” என்பாள் அவர் மனைவி.

தங்கைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான். எட்டாவதோடு ஊசி பிடித்தவர் அவர். அவளோ மூன்று மொழிகளைக் கரைத்துக் குடித்தவள். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுவது நோயாளிக்குப் புரியாது, நோயாளி பேசுவது டாக்டருக்குப் புரியாது. இங்கே வீட்டு அறையில் உட்கார்ந்து, இணையம் வழியாக இரண்டு பேருக்கும் நடுவில் இவள் பேசுவாள். நோயாளி ‘எனக்கு’ என்றால் இவளும் ‘எனக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையின் முறை அப்படி.

இது தெரியாமல் முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. மூடிய கதவுக்குப் பின்னால், “எனக்கு மூச்சு விட முடியல, நெஞ்சை அடைக்குது” என்று பாப்பாவின் குரல். கோணி ஊசியும் கையுமாக அண்ணன் உள்ளே பாய்ந்துவிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“அது ஒரு பெரியவருக்கு அண்ணா. எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் சாப்பிடும்போது.

“அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதா? எனக்கு அடைச்சுடுச்சு.”

அதன் பிறகு சோபா கொண்டுவருகிறவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே சொல்வார். “எத்தனை பேர் உயிருக்கு நடுவுல உட்கார்ந்திருக்கா தெரியுமா எங்க பாப்பா?”

பாப்பா அப்போது சோதனைக் காலத்தில் இருந்தாள். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை மின்சாரத்தில் இருந்தது. அந்தத் தெருவில் அது சொல்லாமல் கொள்ளாமல் போகும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும். ஆனால் நெட் போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை பேச்சு பாதியில் அறுந்திருந்தது. இரண்டாவது முறை, குழந்தைக்கு என்ன அறுவை சிகிச்சை என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்த நேரம். மேற்பார்வை அதிகாரி மறுநாள் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை அறுந்தால் சேர்த்துக்கொள்ள முடியாது.

“கரண்டு போனா நீ என்ன பண்ணுவ பாப்பா?” என்றார் அண்ணன்.

“அந்த அம்மாவுக்கு அது தெரியாதே அண்ணா. பாதியில எழுந்து போயிட்டான்னுதான நினைச்சிருப்பாங்க.”

அண்ணன் மறுநாள் காலையிலேயே எலக்ட்ரிகல் கடையில் போய் நின்றார்.

“வாங்க மாஸ்டர். என்ன ஓட்டணும்?”

“நெட்டு.”

“நெட்டு எங்க ஓடும்? பெட்டிதான் ஓடும். வீட்டுல எத்தனை பெட்டி இருக்கு?”

அண்ணனுக்குத் தெரிந்தது ஒரு பெட்டிதான்; இரண்டு கொம்பு வைத்தது. அதுவும் சந்தேகமாகிவிட, வீட்டுக்குத் திரும்பி ஏணி போட்டு ஏறினார். பாப்பாவின் அறைக்கு வெளியே, கதவுக்கு மேல் இன்னொரு வெள்ளைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தெருக்கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கம்பி அதற்குள்தான் நுழைந்தது. அதற்குத் தனி அடாப்டர். சோதித்துப் பார்க்க அதை மட்டும் அணைத்தார். கொம்புப் பெட்டியில் விளக்குகள் சமர்த்தாக எரிந்தன.

“அண்ணி! நெட் போச்சு!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“கரண்டு இருக்கே! உங்கண்ணன்தான் ஏணி மேல நிக்கிறாரு!”

நல்ல வேளை, அப்போது அவள் பேச்சில் இல்லை. கொம்புப் பெட்டிக்கு மட்டும் வாங்கியிருந்தால் விளக்கு எரியும், ஊர் பேசாது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

மனைவிக்கு வேறு கணக்கு. “வாங்குறதுதான் வாங்குறீங்க, பெருசா ஒரு இன்வெர்ட்டரா வாங்குங்க. ஃபேனும் சுத்தும்.”

அவர் கேட்டபோது கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “நம்மகிட்ட இருக்கிறது சாதா இன்வெர்ட்டர் மாஸ்டர். கரண்டு போனா லேசா விட்டுப் பிடிக்கும். ஃபேனுக்குத் தெரியாது. இந்தப் பெட்டிங்க அணைஞ்சு மறுபடி எழுந்திருக்கும்.”

“எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு டீ குடிக்கலாம்.”

“அந்தப் பக்கம் நெஞ்சு வலிக்காரர் காத்துட்டிருப்பாரு. நாங்க டீ குடிக்க முடியாது.”

“அப்போ சின்ன யூபிஎஸ்தான் சரி மாஸ்டர். கரண்டு போனாலும் விடாமப் பிடிச்சுக்கும்.”

பாப்பாவின் விடுமுறை நாளில் இரண்டு பெட்டிகளையும் கழற்றி, துணி சுற்றிப் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோனார்.

“பள்ளிக்கூடத்துல சேர்க்க வந்த மாதிரி ரெண்டையும் கூட்டிட்டு வந்துட்டீங்களே!” என்று சிரித்தார் கடைக்காரர்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு யூபிஎஸ்ஸாகச் செருகச் சொன்னார். தானே பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி விளக்குகளையே பார்த்தார். ஒன்றில் விளக்கு நடுங்கியது, ஒதுக்கினார். ஒன்று தாங்கியது, ஆனால் சீக்கிரமே சோர்ந்துபோனது, அதையும் ஒதுக்கினார். செருப்புப் பெட்டி அளவில் இருந்த ஒன்று, பிடுங்கியதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. வாடிக்கையாளர்கள் வந்து போய், கடைக்காரர் சாப்பிட்டு வந்து, இன்னும் அது அசையாமல் நின்றது. அதை வாங்கினார்.

கடை இருந்தது பேருந்துகள் இரைந்துகொண்டே போகும் சாலையில். கரண்டு போனால் அந்தப் பெட்டி ‘பீப், பீப்’ என்று கத்தும் என்பது வீட்டில்தான் உறைத்தது. பெட்டியைத் தள்ளி வைக்கவும் வழியில்லை. கதவுக்கு வெளியே இருந்த அலமாரித் தட்டு வரைக்கும்தான் அடாப்டர் கம்பி எட்டியது.

முதல் முறை கரண்டு போனபோது லைன் அறுந்துபோகவில்லை. ஆனால் மறுமுனையில் டாக்டர் துள்ளி எழுந்திருக்கிறார். “எந்த மெஷின் அடிக்குது? நர்ஸ்!”

“அந்த நர்ஸ் பாவம் அண்ணா, கட்டிலைச் சுத்திச் சுத்தி ஓடினாங்க” என்று பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறிவிட்டது. “நாளைக்குக் கடைசிச் சோதனை. அதிகாரியும் லைன்ல உட்கார்ந்து கேப்பாரு.”

கடைக்காரரைப் போனில் பிடித்தார் அண்ணன். அந்த மாடலில் சத்தத்தை நிறுத்த வழியில்லையாம். சத்தம் போடாதது அடுத்த வாரம் வருமாம். போனை வைத்தவர் நேரே தையல் மேசைக்குப் போனார். சோபா நுரையை நறுக்கி, இரண்டு மடிப்பாக வைத்து, நீலத் துணியில், ஓரத்துக்குக் குழாய்த் தையலும் போட்டு ஓர் உறை தைத்தார். மாட்டிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார்; பெட்டி வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

மறுநாள் சோதனை தொடங்கியதுமே கரண்டு போனது. உள்ளே பாப்பாவின் குரல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அலமாரி பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் புது நுரை சூடேறும் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடை அவருக்குத் தெரியாதா? உறைமேல் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“ஏங்க, காத்துப் போக ஓட்டை இருந்துச்சே, அதையும் சேர்த்துத் தைச்சுட்டீங்களா?” என்று காதருகே கிசுகிசுத்தாள் மனைவி.

உறையை விட்டுவைத்தால் சூட்டில் பெட்டி அணைந்துவிடும். எடுத்தால் கத்தும். உள்ளே அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் பிரிக்க நேரமில்லாமல் உறையை உருவி எறிந்தார். பெட்டி ஒரு முறைதான் கத்தியிருக்கும். அதற்குள் சத்தம் வரும் சின்னத் துளையைத் தடவிக் கண்டுபிடித்துப் பெருவிரலால் அழுத்திவிட்டார். விரலுக்கடியில் அது முனகியது. மனைவி விசிறியை எடுத்து வந்து, புருஷனுக்கு வீசாமல் பெட்டிக்கு வீசினாள்.

அப்படியே நின்றார்கள். தோள் வலித்தது, விரலை மாற்ற அவர் துணியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா யாருக்காகவோ கேள்வி கேட்டாள், யாருக்காகவோ ஆறுதல் சொன்னாள்.

கதவு திறந்தது. பாப்பா அவர்களை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் தலைக்கு மேல் பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“கரண்டு வந்து எவ்வளவு நேரமாச்சு! இன்னும் எதுக்கு அமுக்கிட்டு நிக்கிற?”

“நீ பேசிட்டிருந்தியே” என்றார் அண்ணன், விரலை எடுக்காமலே.

“பேசி முடிச்சுட்டேன் அண்ணா. எடுத்துக்கிட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நிரந்தரம்.”

அவர் விரலை எடுத்தார். பெட்டி சும்மா இருந்தது. அவர் நீல உறையை எடுத்துக்கொண்டு, அதில் காற்றுக்கு ஓட்டை வைக்கத் தையல் மேசைக்குப் போனார்.