இரண்டு மணி ஊசி

ஊதிப் பெருக்கிக் கதை சொல்ல எனக்கு வராது. நான் பிரசவ வார்டு நர்ஸ். கண்டதைக் கண்ட நேரத்தில் சார்ட்டில் எழுதுவதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. போன மாதம் எனக்கு நடந்ததையும் அப்படியேதான் சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

காணாததைக் கண்டதாக நான் எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்த அழுத்தம் எகிறினால் வலிப்பு வரும். அதைத் தடுக்க நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி போடுவோம், பிள்ளை பிறந்த மறுநாள் வரைக்கும். நல்ல மருந்துதான். ஆனால் உடம்பில் அளவுக்கு மீறித் தங்கிவிட்டால் எமன். முதலில் தசையெல்லாம் தளரும், பிறகு மூச்சு நிற்கும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மூச்சை எண்ண வேண்டும், சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும். கால் துள்ளினால் போடலாம். துள்ளாவிட்டால் ஊசியைத் தொடவே கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறாம் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். முதல் நாள்தான் பிள்ளை பெற்றவள். பதினாலு கட்டிலுக்கும் அன்றைக்கு நான் ஒருத்திதான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊசியோடு போனால், கண்ணை மூடிக் கிடந்தாள். எழுப்ப மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான். 'மூச்சு பதினெட்டு, முழங்கால் துள்ளுகிறது' என்று சார்ட்டில் எழுதிவிட்டு ஊசியைப் போட்டேன். உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஊசி அது. அவள் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. பாவம், அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்கு மூச்சு நின்றது. எல்லோருமாக எவ்வளவோ போராடினோம். போய்விட்டாள். விசாரணை நடந்தது. சார்ட் சுத்தமாக இருந்ததால் என்மேல் ஒரு தூசிகூட ஒட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தட்டிப் பார்க்காமல் நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை. போன உயிருக்கு அதனால் என்ன லாபம்?

போன மாதம், செவ்வாய்க்கிழமை. மணி 1.56. அதே ஆறாம் கட்டில், அதே மருந்து, வேறொரு பெண். மருந்தின் அளவை நானும் கூட வேலையிலிருந்த சின்ன சிஸ்டரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தோம். அவள் பிரசவ அறைக்கு ஓடினாள். நான் தடுப்புத் துணியை விலக்கி உள்ளே போனேன்.

தலையோடு கால் போர்வை.

"என்னம்மா, இந்தப் புழுக்கத்துல இப்படிப் போத்திக்கிட்டு?"

கட்டிலடியில் செருப்பைக் காணோம். தண்ணீர் பாட்டிலையும் காணோம். தூங்கட்டும் என்று மூச்சை எண்ணினேன். போர்வை ஏறி இறங்கியது. ஒரு நிமிடத்துக்கு... பத்து. குறைந்தது பதினாறு இருக்க வேண்டும். எண்ணியதில் பிசகோ?

மறுபடி எண்ணினேன். ஆறு.

மணி 2.01. போர்வையை முழங்கால்வரை விலக்கித் தட்டினேன். டொக்.

கால் அசையவில்லை.

டொக்... டொக்...

இன்னொரு காலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

ஊசியைத் தட்டில் போட்டேன். இன்னொரு முறை எண்ணினேன்.

இரண்டு.

'டாக்டரைக் கூப்பிடுங்க' என்று கத்த வாயெடுத்தேன். போர்வைக்குள்ளிருந்து, மெதுவாக...

"இன்னைக்குத் தட்டுறீங்களே, சிஸ்டர்..."

போர்வை இறங்கியது.

ஏறவில்லை.

2.04. முதுகுக்குப் பின்னால் கிறீச்... கிறீச்... வார்டு ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் ஆறாம் கட்டில்காரி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கேன்ல ஒரே கூட்டம் சிஸ்டர், இப்பதான் விட்டாங்க. ஆமா, காலிக் கட்டில்ல என்னத்தைத் தட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

திரும்பினேன். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. போர்வை தலைமாட்டில் மடித்தபடி இருந்தது.

வந்தவளுக்குத் தட்டிப் பார்த்தேன். கால் நன்றாகத் துள்ளியது. ஊசியை நான் தொடவில்லை; சின்ன சிஸ்டர்தான் வந்து போட்டாள்.

நாலு மணிக்கு, வேலை போனால் போகட்டும் என்று வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து பழைய விசாரணைக் கோப்பை எடுத்தார்.

"அன்னைக்கு அவ தங்கச்சி ஒண்ணு எழுதிக் கொடுத்தா. 'கண்ணைத் திறக்க முடியல, காலைத் தூக்க முடியல'ன்னு ஒண்ணே முக்காலுக்கு அக்கா நாக்குக் குழறச் சொன்னாளாம். தங்கச்சி பயந்துபோய் உன்னைக் கூப்பிட எந்திரிச்சிருக்கா. 'வேணாம்டி, ரெண்டு மணிக்கு சிஸ்டரே வந்து முட்டியைத் தட்டுவாங்க, அவங்களுக்கே தெரிஞ்சிடும்'னு அக்காதான் தடுத்துட்டாளாம். இவளும் நம்பி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா."

"அப்போ... நான் போனப்ப அவ தூங்கலையா?"

"துக்கத்துல உளறுறான்னு தங்கச்சி பேச்சை நாங்க ஒதுக்கிட்டோம்" என்றார் பெரிய சிஸ்டர். "உன் சார்ட்ல துள்ளுதுன்னு இருந்துச்சே."