இருளாயியின் பர்மாக் காது

மலாயாவின் பேராக் பகுதியில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த இருளாயிக்கு எழுத்து என்று ஒன்று கூடத் தெரியாது. ஆனால் வாய் இருக்கிறதே, அது மூன்று தேசத்து வாய். பிறந்தது இராமநாதபுரம் பக்கம். புருஷனோடு பிழைக்கப் போனது ரங்கூன் அரிசி ஆலைக்கு. அங்கே அவன் பேதியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளையும் இல்லாமல் ஊருக்குத் திரும்பி யார் வாசலில் நிற்பது என்று கப்பலேறிப் பேராக்குக்கு வந்தவள் அவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அப்படித் துணிந்து ஒற்றையாய் வந்த பெண்ணை எனக்கு வேறு யாரையும் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரிக்கு எல்லாமே டிரசர் கேளு நாயர்தான். மலபார்க்காரர். ஊசி போடுவதும் மருந்து கலக்குவதும் அவரே. பெரிய டாக்டர் ஈப்போவிலிருந்து எப்போதாவது தலைகாட்டுவார். இருளாயி வேலைக்கு வந்த புதிதில், நாயர் ஒரு நோயாளியைக் காட்டி, "இவனுக்கு நல்ல பனியுண்டு. வெள்ளம் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனி என்றால் குளிர்தானே? இருளாயி இருந்த கம்பளியை எல்லாம் எடுத்து அவன்மேல் போர்த்தினாள். வெள்ளத்துக்கு எங்கே போவது என்றுதான் விளங்கவில்லை. நாயர் திரும்பி வந்து பார்த்தால், காய்ச்சல்காரன் கம்பளிக்குள் இட்டிலியாய் வெந்துகொண்டிருந்தான்.

"எண்டெ பகவதி! பனின்னா காய்ச்சல், ஆயா! வெள்ளம்னா குடிக்கிற தண்ணி!"

"அதை மொதல்லயே தமிழ்ல சொல்லலாம்லா, ஐயா."

"ஞான் தமிழ்தானே பறஞ்சது!" என்றார் நாயர். மனிதர் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

அன்றிலிருந்து இருளாயி மலையாளத்தையும் தான் ரங்கூனில் கேட்ட பர்மா பாஷையையும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். நாயர் படிக்கும் மலையாளப் பத்திரிகையைப் பார்த்தால், ரங்கூன் கடைப்பலகைகள் ஞாபகம் வரும். இரண்டும் உருண்டை உருண்டையாக, ஒரே கை பிழிந்த முறுக்குதான். பார்வைக்கு அக்கா தங்கை. வாயைத் திறந்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பர்மாக்காரன் ஒரே 'லா'வை நீட்டினால் வா என்பான், வெட்டினால் நிலா என்பான், வாக்கியத்தின் வாலில் வைத்தால் கேள்வி கேட்பான்.

"மலையாளம் அடுத்த வீட்டுக்காரி மாதிரி" என்பாள், கூட வேலை பார்த்த முத்தம்மாவிடம். "தெரிஞ்ச மூஞ்சியா வந்து கவுத்துடும். பர்மா பாஷை அசலூர்க்காரி. ஒண்ணும் புரியாது, அதனாலே நாமளும் உஷாரா இருப்போம்."

நல்ல பேச்சுதான். ஆனால் சொன்னவளே ஒருநாள் அதில் வழுக்கி விழுந்தாள்.

தோட்டத்து அர்ச்சுனன் ரங்கூனில் ஒரு பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்து, நிறைமாதத்தில் கூட்டி வந்திருந்தான். பெயர் மா சேய்ன். அவன் ஈப்போவில் ஈயச் சுரங்க வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி கண்டது. முகமே தெரியாத ஊர், வார்த்தையே புரியாத சனம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிரண்டு கிடந்தவளிடம் இருளாயி குனிந்து, "சா பீ பீ லா?" என்றாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். பேசிப் பல வருஷமான பாஷை, துருப்பிடித்துத்தான் வந்தது. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

நண்பகலில் ஆண்பிள்ளை பிறந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நாயர் கைகழுவினார். அப்போது மா சேய்ன் மெல்லிய குரலில், "மூடே... மூடே..." என்று முனகினாள்.

"அக்கா, பர்மாக்காரி தமிழ் பேசுறா! மூடச் சொல்றாக்கா!" என்று முத்தம்மா பூரித்துப் போனாள்.

மலையாளத்திலும் மூடுவது மூடுவதுதான். "பிரசவம் கழிஞ்சா குளிரும். நல்லா மூடு" என்று சொல்லிவிட்டு நாயர் மருந்தறைக்கு நடந்தார். இருளாயியும் கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

மறுபடியும் கம்பளி. அதன் ஓரத்தை மடித்துச் செருகப் போன கை பாதியில் நின்றது. சோறு என்ற சொல்கூடத் தெரியாதவள் மூடு என்று எப்படிச் சொல்வாள்? ரங்கூன் ஆற்றுப் படகில் தலைசுற்றிக் கவிழ்ந்து கிடந்த ஒரு பகல் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பர்மியக் கிழவி முதுகைத் தடவி, கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துக் கேட்டாளே, "மூ தே லா?" என்று!

இவள் மூடச் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்கிறாள்.

கம்பளியை வாரி எறிந்தாள். பாய் முழுக்க ரத்தம்.

"சோரா! நாயரே, சோரா!" என்று அவள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஐயா என்ற மரியாதையும் அதோடு பறந்துபோயிற்று. சோறுதான் கேட்கிறாள் என்று முத்தம்மா கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாயரோ செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். மலையாளத்தில் சோர என்றால் ரத்தம்.

அந்த மனிதரின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தார், ஊசி ஏற்றினார், கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். இருளாயி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, தனக்குத் தெரிந்த பர்மியச் சொற்களை எல்லாம் கொட்டினாள். கத்தரிக்காய் விலை கேட்கிற வார்த்தைகள்கூட அதில் இருந்தன. தூங்கிவிடாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவள் வேண்டுதல். சாயங்கால மழை பிடிக்கும் நேரத்தில் ரத்தம் நின்றது.

"ரத்தம்னு விளிச்சா ஞான் நடந்து வந்திருப்பேன். அது தினமும் கேக்கிற வார்த்தை" என்றார் நாயர், சுவரில் சாய்ந்து. "சோரன்னு கேட்டதும், வீட்டில அம்மை விளிச்ச மாதிரி இருந்தது."

"நான்தான் ஐயா மூடினேன்" என்றாள் இருளாயி.

"ஞானும்தான் மூடச் சொன்னது. திறந்தது நீ மட்டும்."

மறுநாள் காலையில் மா சேய்ன் கண்ணைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு இருளாயியைப் பார்த்து, வெளுத்த உதட்டால், "அமா" என்றாள்.

பர்மிய மொழியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். இருளாயிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் தமிழ்க் காதால் கேட்டுக்கொண்டாள்.