ஸ்கோர் என்ன, தம்பி?

பந்து அந்தப் பக்கம் போனால் எல்லாருடைய கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் கல்லூரி நர்ஸின் கழுத்து மட்டும் திரும்பாது. அவர் பையன்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் ஒரே பந்துக்கு எம்பினால் போதும், பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி உட்காருவார். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

"நீங்களே ஆடின மாதிரி களைச்சுப் போறீங்களே சிஸ்டர்" என்றேன்.

"கால் ஒடஞ்சா கட்டுப் போடலாம் சார். தலைக்குள்ள என்ன ஆச்சுன்னு நான் எந்தக் கண்ணால பாப்பேன்?"

நான் வேதியியல் ஆசிரியன். ஆசிரியர் கூட்டத்துக்கு ஒருநாள் தாமதமாகப் போனேன். அதற்குள் கால்பந்து அணியின் மேலாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். பந்து உருண்டையானது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் பையன்களுக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது என்பதைப் பதினோரு ஆட்டங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. பதினொன்றிலும் தோல்வி. வாங்கிய கோல் நாற்பத்து மூன்று. கோல்கீப்பருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'சுவர்'. அதைச் சொல்லிக் கூப்பிடும்போது அவனே முதலில் சிரிப்பான், பாவம்.

நர்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம். விளையாட்டு அறையில் யாரோ விட்டுப்போன, ஒரு சைஸ் பெரிய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு 'டப் டப்' என்று ஓடுவார். அடிபட்டவனை ஒரு வார்த்தைகூடத் திட்டமாட்டார். அடிபட்ட இடத்தைத்தான் திட்டுவார். "ஏ முட்டி, உனக்கு அறிவிருக்கா? போன வாரம்தானே உனக்குக் கட்டுப் போட்டேன்?" இடைவேளையில் ஆரஞ்சை உரித்து நீட்டுவார். நாலு கோல் வாங்கியவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேண்டாம் என்பார்கள். "தோத்தா வயிறு இல்லாமப் போயிடுமா? தின்னுங்கடா" என்று வாயிலேயே திணிப்பார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாதது மூன்றாவது ஆட்டத்தில் நடந்தது. இடது ஓரத்தில் ஆடும் பையன் ஒருவன் எதிராளியோடு தலை மோதி விழுந்தான். எழுந்தான். "ஒண்ணுமில்லக்கா" என்றான். நர்ஸும் விட்டுவிட்டார். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "நாம எங்க போறோம்?" என்று கேட்டான். சொன்னோம். ஐந்து நிமிடம் கழித்து அதையே கேட்டான். நாலாவது முறை கேட்டபோது நர்ஸ் பஸ்ஸை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றைக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தாற்போல் படித்தால் கண் இருட்டுகிறது என்கிறான்.

அன்றிலிருந்து யார் தலையில் என்ன பட்டாலும் நர்ஸ் மூன்று கேள்விகள் கேட்கிறார். ஸ்கோர் என்ன? இது எந்தப் பாதி? போன வாரம் யாரோடு ஆடினோம்? பையன்களுக்கு இது பெரிய கேலி. "ஸ்கோர் மறந்துபோனா எங்களுக்கு நல்லதுதானேக்கா!" என்பான் சுவர். எல்லாரும் சிரிப்பார்கள். இவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். ஒரு வெற்றிகூட இல்லையென்றால் அடுத்த வருஷம் அணியே கிடையாது, மைதானத்தில் வண்டி நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டார். பையன்களுக்கும் அது தெரியும். அதனாலோ என்னவோ பேய் பிடித்தவர்கள் போல ஆடினார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் போட்டோம். ஆமாம், நாங்கள்தான்! ஒன்றுக்கு சைபர். அந்த வருஷத்தில் நாங்கள் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் கோச் என்னைக் கட்டிப்பிடித்தார், நானும் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எதிரணி ஆள் தனியாக வந்தான். சுவர் அவன் காலடியில் பாய்ந்து பந்தை அமுக்கினான். வந்தவனின் முழங்கால் சுவரின் நெற்றிப் பொட்டில் இடித்தது. அந்தச் சத்தம் பெஞ்சுவரை கேட்டது. ஆனால் பந்தை அவன் விடவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான். நர்ஸ் ஓடினார், கோச்சும் நானும் பின்னால் ஓடினோம்.

"ஸ்கோர் என்ன, தம்பி?"

"மூணு சைபர். நாமதான் வாங்கியிருக்கோம். வேற என்னக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எந்தப் பாதி?"

"ரெண்டாவது."

"போன வாரம் யாரு கூட ஆடினோம்?"

"லா காலேஜ்."

"ரெண்டு கரெக்டா சொல்லிட்டான் சிஸ்டர்! மொதல்ல சொன்னது சும்மா கிண்டலுக்கு. விடுங்க, ரெஃப்ரி பாக்கறாரு" என்றார் கோச்.

நர்ஸ் பையனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கிண்டலுக்கா சொன்னே?"

சுவரின் சிரிப்பு மெல்ல நின்றது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஏங்க்கா, நாலாயிடுச்சா?"

அது கிண்டல் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான்: "ஒரு பத்து நிமிஷம் பாக்கலாமே சிஸ்டர்? ரெண்டாவது கீப்பருக்கும் விரல் ஒடஞ்சு கெடக்கு. வேற ஆள் இல்ல."

"சார், நீங்க போய்க் கெமிஸ்ட்ரியப் பாருங்க." சுவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இவனுக்கு ஒண்ணும் இல்லன்னு நாளைக்குத் தெரிஞ்சா, இத்தன பசங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இருந்தாலும் அனுப்ப மாட்டேன்."

அவனுடைய கையுறைகளைக் கழற்றி, தடுப்பில் ஆடும் ஒரு பையனிடம் கொடுத்தார். அவன் அதற்கு முன் கோலில் நின்றதே இல்லை. கையுறையை வாங்கும்போது அழுதுகொண்டிருந்தான். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்கள்.

சுவரை நாங்கள் பெஞ்சில் உட்காரவைத்தோம். "என் இடம் காலியா இருக்குக்கா" என்று எழுந்தான். நர்ஸ் அமுக்கி உட்காரவைத்தார். "நான் போகணும்" என்று மறுபடி எழுந்தான். இப்போது அவன் கண்கள் எங்கேயோ பார்த்தன. ஆம்புலன்ஸ் எங்கே, எங்கே என்று நான் வாசலைப் பார்த்தேன்.

மைதானத்தில் எதிரணியினர் 'ஓ'வென்று கத்தினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கோச் தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணில் மண்டியிட்டு, அவன் பூட்ஸின் முடிச்சை விரலால் அவிழ்க்க வராமல் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றினார், அடுத்ததையும் கழற்றினார். பிறகு அவனுக்கு எதிரே, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சேறு அப்பிய அந்த இரண்டு பூட்ஸையும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டார்.