நெட்டையின் கடைசி வசனம்

உம்மணாமூஞ்சிக்குச் சினிமாவில் கிடைத்த முதல் வேடம் பிணம். அசையாமல் கிடந்தால் போதும் என்றார்கள். மனிதர் தும்மித் தொலைத்தார். படப்பிடிப்புத் தளமே வயிறு வலிக்கச் சிரித்தது. இயக்குநரும் அந்தத் தும்மலைப் படத்திலேயே வைத்துக்கொண்டார். சிரிக்கவே சிரிக்காத அந்த மூஞ்சியை வைத்து நாற்பது படம், தொலைக்காட்சித் தொடரில் ஏழு வருஷம் கஞ்ச வீட்டுச் சொந்தக்காரர், கார்ட்டூனில் கழுதை, காகம், பேசும் குளிர்சாதனப் பெட்டி என்று காலத்தை ஓட்டிவிட்டார். தெருவில் பிள்ளைகள் வழிமறித்துக் கழுதைக் குரல் கேட்பார்கள். வீட்டுக்காரி மட்டும், "உங்க சொந்தக் குரல் எதுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்பாள். அப்போது அது வெறும் கேலிதான்.

அவருக்கு ஜோடி நெட்டை. பதினெட்டு வருஷம் சேர்ந்தே நடித்தார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: ஒருத்தன் என்ன கூத்தடித்தாலும், இயக்குநர் 'கட்' சொல்லும்வரை மற்றவன் காட்சியை விடக்கூடாது. தாளில் இல்லாத வசனத்தை நெட்டை திடீரென்று எடுத்துவிடுவார். இவர் முகம் மாறாமல் வாங்கித் திருப்பிக் கொடுப்பார். கைதட்டல் வாங்கியவை முக்கால்வாசி அப்படி வந்தவைதான்.

கடைசிப் படத்தில் ஓர் ஏணிக் காட்சி. ஏணியிலிருந்து இறங்கிய நெட்டை, மார்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. புதுச் சேட்டை என்று நினைத்து இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். 'கட்' சொன்னதும் நெட்டை, கொஞ்சம் சாய்ந்துகொள்வதாகக் கைகாட்டிவிட்டு மேக்கப் அறைக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, மேக்கப் அறை நாற்காலியில் நெட்டை பேச்சுமூச்சில்லாமல் சாய்ந்திருந்தார்.

"தூக்கத்துலயே போயிட்டார், கஷ்டப்படல" என்று நெட்டையின் மனைவியிடம் சொன்னார்கள். இவர் அண்ணி என்று கூப்பிடும் அந்த அம்மா, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார்.

டப்பிங் பாக்கியிருந்த காட்சிகளுக்கு நெட்டையின் குரலை உம்மணாமூஞ்சிதான் பேச வேண்டும் என்றாகிவிட்டது. வேறு யாருக்கு வரும்? டப்பிங் அறையில் எட்டுக் காட்சி மளமளவென்று முடிந்தது. ஏணிக் காட்சி மக்கர் பண்ணியது.

"லிப் சிங்க் ஆகல சார். தாள்ல இருக்கிறத அவர் பேசவே இல்ல," என்றார் ஒலிப்பதிவாளர்.

திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சத்தமில்லாத திரையில் நெட்டையின் உதடு அசைந்தது. ஏழாவது தடவை இவர் தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்தார். யோசிக்கவில்லை, வாய் தானாகப் பேசியது.

"டேய், நெஞ்சு வலிக்குதுடா. கையப் பிடிச்சுக்கோ."

அச்சு அசலாகப் பொருந்தியது. அது சேட்டை இல்லை என்று அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

"பிரமாதம். தியேட்டர் அதிரும். இதையே வெச்சுக்கலாம்," என்றார் இயக்குநர். சத்தியமாக இவருக்கு அதை வைக்க மனசில்லை. ஆனால் அந்த உதட்டில் வேறு எதைத் திணிப்பது?

அன்றிலிருந்து அந்தக் குரல் இறங்க மறுத்தது. காலையில் எழுந்து தண்ணீர் கேட்டால் நெட்டை கேட்டார். வீட்டுக்காரி டம்ளரைக் கீழே போட்டாள். "விளையாடாதீங்க, பயமா இருக்கு," என்றாள். இவர் விளையாடவில்லை. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு வந்தே தீருவேன் என்றார் அண்ணி. இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. வந்து பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார். ஏணிக் காட்சி வந்தது. நெட்டை மார்பைப் பிடித்தார், சொன்னார், கையை நீட்டினார். திரையிலிருந்த உம்மணாமூஞ்சி அதைத் தட்டிவிட்டார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணி சிரிக்கவில்லை. புருஷனின் நடிப்பு முகமும் நிஜ முகமும் அவருக்குத் தெரியாதா?

"இது நடிப்பில்லையே தம்பி," என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்கத்தான் இவர் வாயைத் திறந்தார். மூன்று மாதமாக அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"அவனுக்குத் தெரியாதும்மா," என்றது நெட்டையின் குரல்.

அண்ணி மெல்லத் திரும்பிப் பார்த்தார். உம்மணாமூஞ்சி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.