மச்சான் போட்ட சீல்

எங்கள் பழைய வேனின் எஞ்சினை நானும் மச்சானும் சேர்ந்து பிரித்துப் பூட்டினோம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பூட்டியது மச்சான், என் மனைவியின் அண்ணன். நான் டார்ச் அடித்தேன், கேட்காத யோசனைகளைச் சொன்னேன், தேநீர் எப்போது வரும் என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அவருக்கு நீலாய் ஊரில் தொழிற்சாலை வேலை. வாரமெல்லாம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு காலை ரஹாங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கிளம்பி, தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து வேனுக்குள் தலையை விட்டுக்கொள்வார். பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போவதே தெரியாது. எனக்கு அந்த ஞாயிறுகள் அத்தனை பிடிக்கும்.

ஐந்தாவது ஞாயிறு எஞ்சின் உறுமியது. பூசை போடாமல் விடுவேனா? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் மாலை, எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மேலிருக்கும் மூடியின் நடுவில் கட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மச்சான் அப்போது பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேனுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. துடைத்துவிட்டு ஓர் அட்டையை விரித்தேன். அடுத்த நாள் அட்டையும் நனைந்திருந்தது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி தெரியும். எஞ்சினை மண்ணெண்ணெயால் சுத்தமாகத் துடைத்து, காயவைத்து, மனைவியின் முகப்பவுடரைத் தூவினேன். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. தெமியாங் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி, குனிந்து பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பவுடர் சேறாகியிருந்தது. அங்கே எண்ணெயைத் தடுக்க ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. சீல் என்போம். அதை மாட்டியது மச்சான்.

அடுத்த ஞாயிறு அவர் வந்ததும் வராததுமாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, என் வாய் சும்மா இருக்கவில்லை. "கண்ண மூடிக்கிட்டு சீல் போட்டா இப்படித்தான் ஒழுகும்லா, மச்சான்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நல்லாதான் போட்டேன், மச்சான்," என்றார். ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். தங்கை வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மூன்று ஞாயிறுகள் அவர் வரவில்லை. போனில் வணக்கம் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை. வீட்டிலும் எனக்கு மரியாதை குறைந்துபோனது. தோசை வரும், சட்னி வராது. கேட்டால், "அதையும் நீங்களே பவுடர் போட்டுத் தேடுங்க," என்பாள் மனைவி.

சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒருவர் தாங்கினால்தான் ஒருவர் கழற்ற முடியும். தாங்க ஆள் இல்லாத நான், கைக்கு எட்டிய திருகுகளையெல்லாம் இறுக்கினேன். பாகங்கள் சேரும் இடங்களில் எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டுகளை மாற்றினேன். எண்ணெய் அதுபாட்டுக்குச் சொட்டியது. வேறு வழி தெரியாமல், சாமியாவது கண் திறக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம் அப்பினேன். அந்த வாரம் இன்னும் அதிகமாகச் சொட்டும். அடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் தாராளமாக அப்புவேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை மூடியைப் பார்த்தால், காய்ந்துபோன சந்தனம் வடை கனத்துக்கு நின்றது. சாமி காரியம், சுத்தமாகச் செய்வோம் என்று, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தாமலே கரண்டிக் காம்பால் நெம்பினேன். முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று சீறி என் முகத்தில் அடித்தது.

மூடியின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியே போக வைத்த வழி. அதைத்தான் நான் பக்தியோடு அடைத்து வைத்திருந்தேன். போக இடமில்லாத காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளி, நல்ல சீலின் ஓரமாகப் பிதுக்கியிருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. மச்சான் குடிக்காமல் போன தேநீர் ஞாபகம் வந்ததும் வெட்கமாகிவிட்டது.

ஞாயிறு காலை எஞ்சினைத் துடைத்துப் பவுடர் தூவி, சந்தனக் கட்டியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே ரஹாங் போனேன். மச்சான் வீட்டு வாசலில் பளபளவென்று கழுவிவிட்ட சிமெண்ட் தரை. அதன்மேலேயே வேனை நிறுத்தினேன். அட்டை விரிக்கவில்லை.

கதவைத் திறந்தவர் வேனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "என்னா மச்சான், உங்க காடி என் வீட்டுலயும் ஒழுகணுமா?"

தாளைப் பிரித்து நீட்டினேன். "மூடி ஓட்டைய இதாலதான் அடைச்சிருக்கேன். தப்பு பூரா என்னோடது. நாலு பேரு முன்னுக்குப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க மச்சான்."

அவர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டியோடு உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். டார்ச்சோடு வந்து வேனுக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன.

"மச்சான்," குரல் மட்டும் வந்தது. "பவுடர் போட்டது போட்டபடி இருக்கு. சீல் காஞ்சு கெடக்கு."

"நல்லா போட்ட சீல் மச்சான்," என்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

வெளியே வந்து எழுந்தார். சந்தனக் கட்டியை என் வாய்க்கு நேரே பிடித்து, "இத இங்க அப்பியிருந்தா எனக்கு மூணு ஞாயித்துக்கிழம மிச்சமாயிருக்கும்லா," என்றார். பிறகு பவுடர் ஒட்டிய விரலை என் நெற்றியில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார். "ரெண்டு தேத்தண்ணி போடு, மச்சான் வந்திருக்காரு."