கதிரையிலிருந்து பாய்க்கு

எண்பதுகளின் நடுப்பகுதிவரை கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் வேலை செய்தேன். உளவியல் படித்தவள் என்பதால் எனக்கென்று ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு கதிரைகள். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் பெண்கள் வருவார்கள். ஒருத்தியும் தனியே வரமாட்டாள். உம்மாவோ மாமியோ கூடவே வந்து கதிரைக்குப் பின்னால் நிற்பார். நான் கேட்பதற்கு நிற்பவர் பதில் சொல்வார். கதிரையில் இருப்பவள் முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

"ஒண்டுமில்ல டீச்சர், தலையிடிதான்."

என்னை ஏனோ எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். மேசை விசிறியின் கரகரப்பும் ஜன்னலால் வரும் கடல் காற்றும் இன்னும் நினைவிருக்கின்றன. அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

மகளின் முதல் பிள்ளைப்பேறு அந்த நாட்களில்தான். எங்கள் வழக்கப்படி வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் அதே வளவில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாகக் கட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தோம். கொடுத்த வீட்டுக்குள் நினைத்தபடி போய்வரக் கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் நுழைவேன். மருமகன் உள்ளே இருந்தால் அதுவும் இல்லை. பெரிய மரியாதை காட்டுவதாக எண்ணம். பத்தடி தூரத்தில் என் பிள்ளை வாடியதை மூன்று கிழமை கழித்துத்தான் கண்டேன்.

பால் கொடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கொடுத்து முடித்ததும், "எடுங்க, எடுங்க" என்று குழந்தையை நீட்டிவிடுவாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தேன். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று தொடங்கினேன்.

"கிளினிக்ல கேக்கிற மாதிரிக் கேக்காதீங்க உம்மா. எனக்கு ஒண்டுமில்ல."

நாற்பது நாளும் எண்ணெய் தேய்த்து, நொச்சி இலை அவித்த தண்ணீரில் வார்க்க ஒரு மருத்துவிச்சி வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தன் மகளுக்கும் பிள்ளைப்பேறு என்று திடீரெனப் பொத்துவிலுக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. லீவு போட்டுவிட்டு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு நானே பாயில் குந்தினேன்.

மகள் குப்புறப் படுத்தாள். எனக்குக் கை பழக்கமில்லை.

"என்ன உம்மா, ரொட்டிக்கு மாக் குழைக்கிறீங்களா?"

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. முள்ளந்தண்டின் இருபுறமும் பெருவிரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். தோள்கள் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் பாயைப் பார்த்தபடியே கதைத்தாள்.

"கிணத்தடியால போகக்குள்ள, இவன உள்ள போட்டிருவனோ எண்டு பயமா இரிக்கு உம்மா. போட விருப்பமில்ல. ஆனா அந்த நினைப்பு வருது. நான் கெட்டவளா உம்மா?"

பயப்படுவது வேறு, செய்ய நினைப்பது வேறு என்று நான் படித்திருந்தேன். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்று கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் கதைப்பதை நிறுத்திவிடுவாள் என்று தெரிந்தது. அழுது முடியும்வரை தேய்த்தேன். பிறகுதான், "கெட்ட பிள்ளையெண்டா இப்படிப் பயப்படுமா?" என்றேன்.

அன்றே கிணற்றைப் பலகை போட்டு மூடச் சொன்னேன். மருமகன் காரணம் கேட்டார். "காகம் எச்சம் போடுது மகன்," என்றேன். என்னோடு வேலை செய்த டொக்டரிடம் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எண்ணெயையும் விடவில்லை.

திரும்பி வந்த மருத்துவிச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "என்ட பிழைப்புல மண் போடப் போறீங்களா டீச்சர்?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்ன பகிடிதான். ஆனால் ஒரு மாதத்தில் அவளோடு வீடுவீடாகப் போகத் தொடங்கிவிட்டேன். பாயில் படுத்த பெண்கள், ஆஸ்பத்திரிக் கதிரையில் சொல்லாததைக் கேட்காமலே சொன்னார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் தூங்கிப்போனார்கள். அதுவும் நல்லதாகவே பட்டது. நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் மதினி வந்தாள். "கெம்பஸ் போய்ப் படிச்சது இதுக்குத்தானா கா?" என்று கேட்டுவிட்டு, போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு இதையும் ஒருக்காப் பாருங்க," என்றாள்.

முதன்முதலாக மருத்துவிச்சி இல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டது கடற்கரைத் தெருவில் ஒரு வீடு. அன்று கணவரும் மருமகனும் வயலுக்குப் போயிருந்தார்கள். மகளும் குழந்தையும் மட்டும். நான் வாசலில் நின்று தயங்கினேன்.

"போங்க உம்மா. நான் இரிக்கன்தானே."

போனேன். யாரோ ஒருத்தியின் முதுகில் கை இருந்தது. காது எங்கள் வளவில் இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. பாதியில் எழுந்து, கைகூடக் கழுவாமல், வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். எங்கள் வளவின் கேற் திறந்து கிடந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

செருமாமல் உள்ளே நுழைந்தேன். மகள் காலை நீட்டி நிலத்தில் இருந்தாள். கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, இரண்டு விரலால் அதன் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாங்க," என்றாள் நிமிராமல். "இப்பதான் கண்ணயர்றான்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.